ஒன்பது எழுத்து, உள்ளே ஒரு பூனை

முதலில் ஒரு சின்னப் புதிர். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்துச் சொல். அதற்குள் 'கேட்' என்று மூன்று எழுத்து அடுத்தடுத்து வர வேண்டும். அதாவது பூனை! குறிப்பு: இரட்டை உடல் கொண்ட படகு.

விடை தெரிந்தவர்கள் இந்நேரம் சொல்லியிருப்பார்கள். கேட்டமரான். ஸ்க்ராபிள் ஆடுகிறவர்கள், குறுக்கெழுத்து போடுகிறவர்கள், வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். ஐந்து எழுத்துச் சொற்கள், ஏழு எழுத்துச் சொற்கள், இந்த எழுத்தில் தொடங்குபவை, அந்த எழுத்தில் முடிபவை என்று வரிசையாகப் போய், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கத்தோடு நிற்கும். 2022 ஜனவரியில் வேர்டில் விளையாட்டை நியூயார்க் டைம்ஸ் வாங்கிய சமயத்தில் பாதி உலகம் ஐந்து எழுத்துப் பைத்தியமாகத் திரிந்தது நினைவிருக்கலாம். விளையாட்டில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு அந்த ஒரு வரி விளக்கத்தில்தான் இருக்கிறது.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வளர்ந்த ஒரு மாணவனிடம் மேலே உள்ள குறிப்பைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 'இரட்டை உடல் கொண்ட படகு' என்று படித்ததும் அவனுக்குக் கட்டுமரம் நினைவுக்கு வருமா? வரவே வராது. கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. ஏன், ஒரு உடல்கூடக் கிடையாது! அவனுடைய தாத்தா கடலுக்குப் போன அதே பொருளின் பெயர்தான் விடை. அந்தப் பொருளைக் கையால் தொட்டுப் பார்த்திராதவன் பட்டியலை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுவான். தொட்டவன் விழிப்பான்.

கட்டுமரம் என்பது என்ன என்று பெயரே சொல்கிறது. கட்டிய மரம். இலேசான மரத்துண்டுகளை நீளவாக்கில் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். மூன்று மரமும் உண்டு, ஐந்து மரமும் உண்டு, இன்னும் பெரியதும் உண்டு. படகுக்கு உள்ளே, வெளியே என்று இரண்டு பக்கம் இருக்கும். உள்ளே தண்ணீர் புகுந்தால் படகு முழுகும். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்று இல்லாததால் முழுகுவதற்கும் வழி இல்லை. அலை மேலே ஏறி, இடுக்குகள் வழியாக இறங்கிப் போய்விடும். வங்கக் கடலின் உடையும் அலையைத் தாண்டிக் கடலுக்குள் போக இதைவிடப் பொருத்தமான கலம் இல்லை என்பதால்தான் இத்தனை நூற்றாண்டு நிலைத்தது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காயப்போடுவார்கள், ஏனென்றால் தண்ணீர் குடித்த மரம் கனக்கும். மறுநாள் மறுபடியும் கட்டு. தினமும் அவிழ்த்துத் தினமும் சேர்க்கிற கலம் வேறு எங்கே இருக்கிறது?

இதை ஆங்கிலத்தில் முதலில் எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் வில்லியம் டாம்பியர். கப்பலோட்டி, கொஞ்சம் கடற்கொள்ளைக்காரரும்கூட. 1697இல் வெளிவந்த அவருடைய பயணப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் வருகிறது. அவர் பார்த்ததும் மரக்கட்டைதான், எழுதியதும் மரக்கட்டைதான். அதுவரை சரி. பிறகுதான் சொல் ஊர் சுற்றக் கிளம்பியது. எதையாவது எதனோடாவது சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டால் அதுவும் கேட்டமரான் என்று ஆங்கில மாலுமிகள் சொல்ல ஆரம்பித்தார்கள். 1804இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர்கள் வெடிமருந்து அடைத்த மிதக்கும் பெட்டிகளை அனுப்பினார்கள். அமெரிக்கரான ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்தவை. அவற்றுக்கும் பெயர் கேட்டமரான்! அதே நூற்றாண்டில் சண்டைக்கார மனைவியைத் திட்டவும் இந்தச் சொல் பயன்பட்டது. (சிரிக்க வேண்டாம், பெரிய அகராதிகளில் இன்றும் அந்தப் பொருள் இருக்கிறது. பாவம், குப்பத்துப் பெண்கள் யாரும் அந்த அகராதியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தப் பொருளுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்திருக்கும்.)

1876இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற படகு வடிவமைப்பாளர் 'அமரில்லிஸ்' என்று ஓர் இரட்டை உடல் பாய்ப்படகு செய்து நியூயார்க் பந்தயத்தில் எல்லோரையும் தோற்கடித்தார். தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இது படகே இல்லை என்று புகார் கொடுத்துத் தகுதி நீக்கம் செய்ய வைத்தார்கள். அந்த வடிவம் பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணிகளுக்குத்தான் உறவு, சோழமண்டலக் கட்டுமரத்துக்கு அல்ல. ஆனாலும் பெயர் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. இன்றைக்குப் பணக்காரர்களின் உல்லாசப் படகு, தீவுக்குத் தீவு ஓடும் பயணிகள் படகு என்று எல்லாமே கேட்டமரான். பெரிய அகராதிகள் கட்டிய மரக்கலம் என்ற பழைய பொருளையும் சேர்த்தே கொடுக்கின்றன. பட்டியல்களுக்குத்தான் ஒரு வரிக்கு மேல் இடம் இல்லை. அந்த ஒரு வரியில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

இதில் இன்னொரு வேதனை உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவற்றில் ஃபைபர் படகுகள்தான் அதிகம். அதற்கு முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது என்றாலும் அதன் பிறகு வேகம் பிடித்தது. இயந்திரம் பொருத்தலாம், தூரம் போகலாம், பிடித்ததை உள்ளே போட இடம் உண்டு. மாறியவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கரையில் காயும் மரங்கள் குறையக் குறைய, அந்தச் சொல்லுக்குப் பட்டியலில் இருக்கும் விளக்கம் ஒன்றே மிஞ்சும் நாள் நெருங்குகிறது. அன்று பழவேற்காட்டுப் பிள்ளையும் 'இரட்டை உடல்' என்றே தயங்காமல் எழுதுவான். மதிப்பெண்ணும் கிடைக்கும்.

சரி, அதே புதிரின் அடுத்த விடைக்கு வருவோம். அதே ஒன்பது எழுத்து, அதே பூனை. குறிப்பு: வண்ணக் கைக்குட்டை. இதற்கு விடை சொல்பவர்கள் மிகக் குறைவு. 'புல்லிகேட்'. பழவேற்காட்டை ஆங்கிலத்தில் 'புலிகாட்' என்று எழுதுகிறார்கள் அல்லவா, அந்த ஊரின் பெயரிலிருந்து வந்த சொல் இது. முதலில் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டைத் துணிக்கு அந்தப் பெயர். பிறகு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதே மாதிரித் துணியைத் தாங்களே நெய்து, அதே பெயரில் விற்றார்கள். ஊர்ப்பெயர் சரக்கின் பெயராகி, பிறகு சரக்கும் ஊரை விட்டுப் போய்விட்டது. வணிகவியல் வகுப்பில் பிராண்ட், வர்த்தகக் குறியீடு, புவிசார் குறியீடு என்று பக்கம் பக்கமாகப் படிப்பவர்கள் இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு சொல்லிலும் பூனை இல்லை. கேட்டமரானில் இருப்பது 'கட்டு'. புல்லிகேட்டில் இருப்பது 'காடு'. வேற்காட்டின் காடு. (புலிகாட் என்பதில் புலியும் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.) எழுத்தை மட்டும் எண்ணுகிறவனுக்கு இரண்டும் பூனைதான்.

அந்தத் துணி எப்படிப் போனது என்பதும் ஒரு கதை. டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். நெடுங்காலம் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வேண்டுமானால் அங்கே காசைவிடத் துணிக்குத்தான் மதிப்பு. ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே நறுமணப் பொருளாக மாற்றி, ஐரோப்பாவில் விற்றார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று கோட்டை இல்லை, டச்சுக் கல்லறைகள் மட்டும் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு நிற்கின்றன. துணி ஏறிய அதே துறையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் மனிதர்களும் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள், படேவியாவுக்கு. பஞ்சத்தில் தங்களையே விற்றுக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. கைக்குட்டைக்கு ஆங்கில அகராதியில் ஒரு சொல் கிடைத்தது. அந்தக் கப்பல்களில் போனவர்களின் நினைவாக ஒரு சொல்கூட இல்லை.

இங்கே தமிழர்களின் ஒரு பழக்கத்தையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. 'ஆங்கிலத்தில் பாதி தமிழிலிருந்து போனதுதான்' என்று மார்தட்டும் பழக்கம். அதற்கு எல்லோரும் முதலில் எடுப்பது நான்கு எழுத்து 'கேஷ்'. காசுதான் கேஷ் ஆனது என்று மின்னஞ்சல் காலத்திலிருந்து வாட்ஸ்அப் காலம் வரை சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மை இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு தனிச் சொற்கள் உண்டு. கணக்குப் பதிவியலில் கேஷ் புக், கேஷியர் என்று வருவது இத்தாலியிலும் பிரான்சிலும் பணப்பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் காசுக்கும் உறவில்லை. கீழை நாடுகளின் சில்லறை நாணயத்தை, முக்கியமாகச் சீனாவின் ஓட்டைக் காசை, ஐரோப்பியர்கள் கேஷ் என்றார்களே, அதுதான் தமிழ்க் காசு, போர்த்துகீசியர் வழியாகப் போனது. சென்னையில் கம்பெனி கணக்குப் புத்தகங்களில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா என்றுதான் எழுதினார்கள். ஆக, பி.காம். மாணவனின் கேஷ் வேறு, கம்பெனி குமாஸ்தாவின் கேஷ் வேறு. எழுத்து நான்கும் ஒன்றே. ஒரு வரி விளக்கம் இங்கேயும் கவிழ்த்துவிட்டது, ஆனால் இந்த முறை கவிழ்ந்தது தமிழ்ப் பெருமை.

அடுத்ததாக ஆறு எழுத்து. 'பி'யில் தொடங்கி 'எச்'சில் முடியும். குறிப்பு: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன். விடை: பரையா.

இதற்கு எந்த வேடிக்கையும் கிடையாது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான மக்களின் சாதிப் பெயர் அது. பறை என்ற இசைக்கருவியின் பெயரோடு சேர்ந்த பெயர். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போய், தீண்டத்தகாதவன் என்ற பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, பறையை உதறிவிட்டது. தெருநாய்க்கு அந்தப் பெயரைச் சேர்த்தார்கள். பிடிக்காத நாட்டுக்குச் சேர்த்தார்கள். 2019இல் அமெரிக்கத் தேர்தல் விவாத மேடையில் ஜோ பைடன் சவூதி அரேபியாவை அப்படி ஆக்கப்போவதாகப் பேசினார். யாருடைய பெயர் அது என்று அங்கே யாருக்கும் உறுத்தவில்லை. உலகம் முழுவதும் குறுக்கெழுத்துக் கட்டங்களில் அந்த ஆறு எழுத்து ஏதோ ஒரு மூலையில் வந்துகொண்டேதான் இருக்கிறது. பழவேற்காட்டுப் பக்கத்துக் காலனியிலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு பெண், வேலைவாய்ப்புத் தேர்வுக்கான சொற்பட்டியலைப் புரட்டும்போது தன் வீட்டாரின் பெயரை அங்கே பார்க்கிறாள் என்று வையுங்கள். பக்கத்திலேயே அதன் 'அர்த்தம்'. அவள் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். சரியான விடையைத் தேர்ந்தெடுத்து மதிப்பெண்ணும் வாங்க வேண்டும்.

சொல்லையே அகராதியிலிருந்து தூக்கிவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். தூக்கினால் யாருக்கு என்ன நன்மை? நானூறு வருடம் அந்தச் சொல்லை வைத்து என்ன செய்தார்கள் என்பதும் சேர்ந்து மறைந்துபோகும். வேண்டியது இன்னும் ஒரே ஒரு வரி. 'தமிழ்நாட்டின் ஒரு சாதிப் பெயர். பறை என்ற மேளத்திலிருந்து. இழிவாகப் பயன்பட்டது' என்று. 1886இல் யூலும் பர்னெலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே மேளத்தைப் பற்றிய செய்தி இருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகள் அன்றே எழுதி வைத்ததை, இன்றைய தேர்வு வழிகாட்டிகள் இடம் போதவில்லை என்று விட்டுவிடுகின்றன.

இவ்வளவும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டு போன சொற்கள். எடுக்காமல் விட்ட ஒரு சொல் பழவேற்காட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் நான்கு எழுத்து, தமிழில் இரண்டே எழுத்து. பாடு.

பாடு என்றால் துன்பம். பாடு என்றால் உழைப்பு. மீன்பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். ஆனால் பழவேற்காட்டு ஏரியில் பாடு என்பது ஒரு முறை. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. கடலும் ஏரியும் சந்திக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் நல்ல வலையிடங்கள், ஏனென்றால் இறாலும் மீனும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்து வெளியே போக வேண்டும். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் வெட்டுக்குத்துதான் நடக்கும். அதனால் யார், எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறு இடம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தங்களுக்குள் இப்படிப் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றி ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1991இல் ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது. பொதுச் சொத்தை அரசாங்கமும் இல்லாமல், தனியார் உடைமையும் ஆக்காமல் மக்களே நிர்வகிக்க முடியுமா என்று பொருளாதார மேதைகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, குப்பத்துப் பஞ்சாயத்தில் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. 'கோட்டா', 'லைசென்ஸ்', 'டோக்கன்' எதுவும் இதற்குச் சரியான மொழிபெயர்ப்பு இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'பாடு' என்றே சாய்வெழுத்தில் போடுகிறார்கள். எந்தச் சொற்பட்டியலிலும் அது இல்லை.

நாளைக்கே யாராவது அதை ஆங்கில அகராதியில் சேர்த்துவிட்டால்? குறிப்பு எப்படி இருக்கும் என்று இப்போதே ஊகிக்கலாம்: 'மீன்பிடி இடங்களைச் சமமாகப் பங்கிடும் மரபு முறை'. அழகான வரி. படித்தால் பெருமையாகவும் இருக்கும். ஆனால் யாருக்குச் சமம்? பாட்டில் பங்கு பாரம்பரியமாகப் பட்டினவர் சமூகத்து ஆண்களுக்குத்தான். அதே ஏரியில் வாழும் தலித் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. இருளர்கள் சேற்றுத் தண்ணீரில் இறங்கி, வெறும் கையால் தடவித் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். வலையும் இல்லை, முறையும் இல்லை. இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறிய பிறகு, எங்களுக்கும் இடம் வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டபோது சண்டையும் வழக்கும் வந்தன. ஆங்கிலேயன் எழுதிய விளக்கத்தில் கட்டும் மரமும் காணாமல் போனதைப் போலவே, குப்பத்துக்காரர் எழுதும் விளக்கத்தில் இருளர் காணாமல் போகக்கூடும்.

அதனால் பட்டியலைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்வதற்கில்லை. தேர்வில் இரட்டை உடல் படகு என்று கேட்டால் கேட்டமரான் என்றே எழுதுங்கள். அங்கே போய்க் கட்டுமரத்தின் வரலாற்றை எழுதினால் வேலை கிடைக்காது. ஆனால் சொல் விளையாட்டு மன்றம் நடத்தும் கல்லூரிகள் ஒன்று செய்யலாம். இந்தக் கரையிலிருந்து போன சொற்களுக்காவது, குறிப்பை இங்கே இருப்பவர்களிடம் கேட்டு எழுதலாம். சுருட்டு, அணைக்கட்டு, மிளகுத்தண்ணீர் என்று நிறைய இருக்கின்றன. (மிளகுத்தண்ணீர் ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்தாகி, இறைச்சி போட்ட சூப்பாக மாறியிருப்பதைப் பார்த்தால் பாட்டிகள் மயங்கி விழுவார்கள்.) வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குக் காற்று பெயர் வைத்திருக்கும் மக்களிடம் விளக்கத்துக்குப் பஞ்சம் வராது. பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காட்டுக்குச் சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர்தான்.

போகிறவர்கள் பாடு என்ற இரண்டு எழுத்துக்கும் ஒரு குறிப்பு எழுதி வரலாம். கோட்டைக்குப்பத்தில் ஒருவரிடம் கேட்டு ஒரு வரி. பிறகு, கழுத்தளவு தண்ணீரில் நின்று இறால் தடவிக்கொண்டிருக்கும் இருளர் பெண்ணிடம் கேட்டு இன்னொரு வரி.